தண்ணீர் வரும் ஊரில் மனை வாங்குகிறவர்களுக்கு

முடிச்சூரில் என் அக்கா வீட்டுக் கூடத்தில், சுவிட்ச் போர்டுக்கு ஒரு சாண் மேலே, சுவரைச் சுற்றி ஒரு பழுப்புக் கோடு ஓடுகிறது. 2015 டிசம்பர் 2-ஆம் தேதி தண்ணீர் நின்ற மட்டம் அது. அதற்குப் பிறகு இரண்டு முறை பெயின்ட் அடித்தாகிவிட்டது. ஒவ்வொரு மழைக்காலத்திலும் சுவர் ஊறும்போது கோடு மறுபடி தெரிகிறது. அந்த மனையை வாங்கும்போது மாமா எதிலும் அவசரப்படவில்லை. வக்கீலிடம் லீகல் ஒப்பீனியன் வாங்கினார், முப்பது வருடத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தார், பட்டாவைத் தன் பெயருக்கு மாற்றினார், வங்கியும் கடன் கொடுத்தது. பத்திரத்தில் இன்றுவரை ஒரு குறை சொல்ல முடியாது. தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வரும், எந்த வழியாகப் போகும் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று அப்போது எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

மனை யாருடையது என்பது ஒரு கேள்வி. அந்த இடத்தில் தண்ணீருக்கு என்ன வேலை என்பது வேறு கேள்வி. வக்கீலும் வங்கியும் பதிவு அலுவலகமும் முதல் கேள்விக்கு மட்டும்தான் பதில் சொல்வார்கள். இரண்டாவதை நாம்தான் தேடிப் போக வேண்டும். தாம்பரம், முடிச்சூர், வரதராஜபுரம், மண்ணிவாக்கம், வேளச்சேரி, பெரும்பாக்கம் என்று சென்னையின் தெற்குப் புறநகரை மனதில் வைத்து எழுதுகிறேன். ஏரியும் ஓடையும் உள்ள எந்த ஊருக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

எந்த ஏரிக்கு எந்தப் பக்கம்

மனையைப் பார்க்கும் முன்னால் அது எந்த ஏரியைச் சேர்ந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள். செங்கல்பட்டு, காஞ்சிபுரம் வட்டாரத்தில் ஏரிகள் சங்கிலிபோல இருப்பவை. மேல் ஏரி நிறைந்தால் கலங்கல் (கரையில் உபரி நீர் வழிய விட்டிருக்கும் இடம்) வழியாக வழிந்து அடுத்த ஏரிக்குப் போகும், அது நிறைந்தால் அதற்கடுத்தது, கடைசியில் ஆறு. அடையாறே ஆதனூர் ஏரிப் பக்கம் தொடங்கி, மண்ணிவாக்கம், முடிச்சூர், வரதராஜபுரம் வழியாகத்தான் வருகிறது. 2015 வெள்ளம் என்றாலே எல்லோரும் செம்பரம்பாக்கம் ஏரியைச் சொல்கிறார்கள். ஆனால் செம்பரம்பாக்கத்து உபரி நீர் அடையாற்றில் சேருவது திருநீர்மலை அருகே. முடிச்சூரும் வரதராஜபுரமும் அதற்கு மேலே இருக்கின்றன. இங்கே வந்தது ஆதனூர், மணிமங்கலம் போன்ற ஏரிகளின் தண்ணீரும், அன்று தாம்பரத்தில் ஒரே நாளில் பெய்த 49 செ.மீ. மழையும். "செம்பரம்பாக்கத்தை இப்போ ஒழுங்கா திறக்கிறாங்க, இனிமே பயமில்லை" என்று ஒரு புரோக்கர் முடிச்சூர் மனையைக் காட்டிச் சொன்னால், அவருக்கு அந்த ஊர்த் தண்ணீர் தெரியாது என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு ஏரியைச் சுற்றி நான்கு விதமான இடங்கள் உண்டு. ஏரி உள்வாய், அதாவது தண்ணீர் பரவி நிற்கும் இடம். இதற்குப் பட்டா காட்டினாலும் பக்கத்தில் போகாதீர்கள். அடுத்தது உள்வாயை ஒட்டிய மேட்டுப்பக்கம், ஏரி நிறைந்தால் தண்ணீர் பின்னுக்கு ஏறும் இடம். மூன்றாவது கரைக்குக் கீழே உள்ள ஆயக்கட்டு. பழைய நஞ்சை இது. முறையான பட்டா நிலம்தான், வாங்குவதில் சட்டச் சிக்கல் இல்லை. ஆனால் மடையைத் திறந்தால் தானாகத் தண்ணீர் பாயும்படி மட்டம் பார்த்து அமைந்த நிலம். அதன்மேல் லேஅவுட் போட்டதால் மட்டம் மாறிவிடாது. இன்று வீட்டு மனையாக விற்பதில் நிறைய இந்த வகைதான். நான்காவது, கலங்கலுக்கு நேர் கீழே உபரி நீர் ஓடும் வழி. கோடையில் பார்த்தால் புல்வெளி மாதிரி இருக்கும். நால்வகையில் நான் மிகவும் பயப்படுவது இதற்குத்தான், ஏனென்றால் இங்கே தண்ணீர் தேங்காது, இழுத்துக்கொண்டு ஓடும்.

வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பக்கம் கதை வேறு. அங்கே நடுவில் சதுப்பு நிலம் இருக்கிறது. சுற்றியுள்ள ஏரிகளின் நீரெல்லாம் அதில் சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, முட்டுக்காட்டில் கடலுக்குப் போக வேண்டும். போகும் வாய் குறுகல், கடலில் ஓதம் ஏறினால் அதுவும் மெதுவாகும். அதனால் 2023 மிக்ஜாம் புயலின்போது மழை விட்ட பிறகும் நாள்கணக்கில் தண்ணீர் வடியவில்லை. அங்கே மனை பார்ப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பள்ளிக்கரணை 2022-ல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தது. 2025-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், அந்த எல்லைக்குள்ளும் அதைச் சுற்றி 1 கி.மீ. வரையும் புதிய கட்டட அனுமதிகளை நிறுத்தி வைக்கச் சொன்னது. நீங்கள் அட்வான்ஸ் கொடுக்கும் நாளில் நிலைமை என்ன என்பதை சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அலுவலகத்தில் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொண்டு அப்புறம் பேசுங்கள்.

மழையில் போங்கள்

மனை விற்பனை சூடாக நடப்பது தை முதல் வைகாசி வரை. அப்போது எல்லா மனையும் காய்ந்து, கல் நட்டு, பெயின்ட் அடித்து அழகாக இருக்கும். நீங்கள் போக வேண்டியது ஐப்பசி, கார்த்திகையில், நல்ல மழை பெய்த மறுநாள் காலையில். பெய்யும்போது ஒரு முறை, விட்டு இருபத்து நான்கு மணி நேரம் கழித்து ஒரு முறை பார்த்தால், எவ்வளவு நிற்கிறது, எவ்வளவு நேரத்தில் வடிகிறது என்ற இரண்டும் தெரிந்துவிடும். மழை வரும்வரை காத்திருந்தால் மனை கைவிட்டுப் போகும் என்று அவசரப்படுத்துவார்கள். போனால் போகட்டும்.

அடுத்தது விசாரிப்பது. இதில் கேள்வியைக் கேட்கும் விதம் முக்கியம். நானும் மாமாவும் வேறொரு மனைக்காக 2019-ல் மண்ணிவாக்கம் பக்கம் போனபோது, இட்லிக் கடை ஆயாவிடம் "இங்க தண்ணி வருமா?" என்று கேட்டோம். "இங்க எங்கப்பா தண்ணி நிக்கும்? எல்லாம் அந்தாண்ட போயிடும்" என்று கையைக் காட்டினார். அவர் கை காட்டிய இடத்தில்தான் நாங்கள் பார்க்க வந்த மனை இருந்தது. "வருமா" என்று கேட்டால் யாரும் தங்கள் ஊரை விட்டுக்கொடுக்க மாட்டார்கள், வீட்டு விலை இறங்கிவிடும் என்ற கவலையும் இருக்கும். "2015-ல எதுவரைக்கும் வந்துச்சு? 2021-ல? மிக்ஜாம்ல?" என்று வருடம் சொல்லிக் கேளுங்கள். "எத்தனை நாள் கரண்ட் இல்லை? படகு எந்தத் தெரு வரைக்கும் வந்துச்சு?" என்று கேளுங்கள். இதற்கெல்லாம் உடனே உண்மையான பதில் வரும். பால்காரர், கேஸ் சிலிண்டர் போடுகிறவர், வாடகைக்குக் குடியிருப்பவர்கள் ஒளிக்காமல் சொல்வார்கள்.

கண்ணாலும் பாருங்கள். பக்கத்து வீடுகளின் காம்பவுண்டுச் சுவரில் பாசிக்கோடு இருக்கிறதா, மின் மீட்டர் பெட்டி ஆள் உயரத்துக்கு மேலே ஏற்றி வைத்திருக்கிறதா, வாசற்படியில் ஒரு அடிக்குச் செங்கல் தடுப்புக் கட்டியிருக்கிறார்களா என்று. மனைக்குள் இறங்கிப் புல்லை விலக்கினால் காய்ந்த நத்தை ஓடுகள் கிடக்கின்றனவா, கோரையும் சம்பும் முளைத்திருக்கிறதா என்று. சித்திரை வெயிலிலும் இந்தச் சாட்சிகள் அழியாமல் இருக்கும்.

பழைய பத்திரத்தில் எல்லைகளைப் படியுங்கள்

காகித வேலைக்கு வருவோம். வில்லங்கச் சான்று பதிவுத் துறை இணையதளத்தில் 1975 வரை கிடைக்கும், அதற்கு முந்தையதற்கு சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட வேண்டும். பட்டா, புல வரைபடம், அ-பதிவேடு (ஒவ்வொரு சர்வே எண்ணும் என்ன வகை நிலம் என்று சொல்லும் கிராமப் பதிவேடு) மூன்றையும் வருவாய்த் துறையின் இணையச் சேவையில் சர்வே எண் கொடுத்து நீங்களே எடுத்துவிடலாம். இதெல்லாம் எந்த வக்கீலும் சொல்வார். தண்ணீருக்காகப் பார்க்க வேண்டியவை கொஞ்சம் வேறு.

மூலப்பத்திரம் வரை எல்லாப் பத்திர நகலையும் வாங்கி, ஒவ்வொன்றிலும் செக்குபந்தியை, அதாவது நான்கு எல்லைகளை எழுதியிருக்கும் பத்தியை மட்டும் வரிசையாக ஒரு தாளில் எழுதுங்கள். மாமாவின் மனைக்கு வெள்ளம் வந்த பிறகு நாங்கள் இதைச் செய்தோம். கடைசிப் பத்திரத்தில் "கிழக்கே 20 அடி ரோடு" என்று இருந்தது. அதற்கு முந்தையதில் "கிழக்கே பாதை". 1960-களின் பத்திரத்தில் "கிழக்கே வாய்க்கால்". அரை மணி நேர வேலை. வாங்குவதற்கு முன்னால் செய்திருக்கலாம் என்று அக்கா இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

கிராம வரைபடத்தை கிராம நிர்வாக அலுவலரிடம் காட்டச் சொல்லுங்கள். உங்கள் சர்வே எண்ணை மட்டும் பார்த்துத் திருப்திப்பட்டுவிடாமல், சுற்றியுள்ள எண்கள் என்ன வகைப்பாடு என்று அ-பதிவேட்டில் பாருங்கள்: ஏரி, குளம், குட்டை, ஓடை, வாய்க்கால், கழுவெளி. மேலே ஒரு வாய்க்கால் எண், கீழே ஒரு வாய்க்கால் எண், நடுவில் உங்கள் மனை என்றால் தண்ணீர் எங்கே போக நினைக்கும் என்று சொல்லத் தேவையில்லை. 1980-களில் பட்டாப் பதிவுகளைப் புதுப்பித்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தின்போது பதிவுகளில் நிறையத் தவறுகள் புகுந்தன. அதனால் அதற்கு முந்தைய செட்டில்மென்ட் பதிவேட்டில் அந்த எண் என்னவாக இருந்தது என்பதையும் பாருங்கள். நேரில் கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். அப்போது நீர்நிலை என்றிருந்த இடத்துக்கு இன்று பட்டா இருந்தாலும் அது நிற்காது. 2007-ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, நீதிமன்றங்களும் இதில் விட்டுக்கொடுப்பதில்லை.

கணினியிலும் ஒரு வேலை உண்டு. கூகுள் எர்த்தில் பழைய படங்களுக்குப் போகும் வசதி இருக்கிறது. மனையின் மேல் வைத்துக்கொண்டு வருடம் வருடமாகப் பின்னால் போங்கள். மழைக்காலத்துப் படம் ஒன்று சிக்கினால் போதும், எங்கே கறுப்பாகத் தண்ணீர் நிற்கிறது என்று தெரியும். இந்திய நில அளவைத் துறையின் வரைபடங்களையும் இணையத்தில் இலவசமாக இறக்கலாம். அவற்றில் ஏரியும் ஓடையும் குறித்திருக்கும்.

அனுமதி இருக்கிறது என்றால் என்ன பொருள்

சி.எம்.டி.ஏ. அல்லது டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அனுமதி இல்லாத மனை வேண்டவே வேண்டாம். 2016 அக்டோபர் 20-க்கு முன் பதிவான அங்கீகாரமற்ற மனைகளை வரன்முறைப்படுத்த 2017-ல் விதி வந்தது. நீர்நிலையில் உள்ளவற்றுக்கு அது கிடையாது. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட லேஅவுட் என்றால் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண் கேளுங்கள்.

ஆனால் பெரும்பாலோர் கேட்காத ஒரு காகிதம் உண்டு: நீர்வளத் துறையின் தடையில்லாச் சான்று. தாழ்வான இடங்களில் லேஅவுட் போடும்போது, இந்த நிலம் மூழ்குமா என்று ஆய்வு செய்து அந்தத் துறை சான்று தரும். அதில் நிபந்தனைகள் இருக்கும். கடல் மட்டத்திலிருந்து இத்தனை மீட்டர் வரை மண் நிரப்ப வேண்டும், இந்த இடத்தில் வாய்க்காலை இத்தனை அகலத்துக்கு விட வேண்டும், இங்கே கல்வெர்ட் (ரோட்டுக்கு அடியில் தண்ணீர் போகும் சிறு பாலம்) கட்ட வேண்டும் என்று எண்ணோடு எழுதியிருக்கும். லேஅவுட்காரரிடம் அதன் நகலைக் கேளுங்கள். கையில் வைத்துக்கொண்டு இடத்தைச் சுற்றி நடங்கள். எழுதியிருக்கும் வாய்க்கால் இருக்கிறதா? ரோட்டுக்கு மட்டும் மண் கொட்டிவிட்டு மனைகளைப் பள்ளமாகவே விட்டிருக்கிறார்களா? நகல் தரத் தயங்குகிறவரிடம் நான் மனை வாங்க மாட்டேன்.

2024 ஜூலையிலிருந்து 2,500 சதுர அடிக்குட்பட்ட மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட, சுயசான்று அடிப்படையில் இணையத்திலேயே உடனடி அனுமதி கிடைக்கிறது. நல்ல வசதி. ஆனால் அனுமதி தரும் முன் அதிகாரி யாரும் உங்கள் மனையை வந்து பார்க்க மாட்டார் என்று அதற்குப் பொருள். அனுமதி கிடைத்துவிட்டதே, அப்படியானால் இடம் பத்திரம்தான் என்று நினைத்துவிடாதீர்கள்.

மட்டம் பார்ப்பது

இதற்கு எஞ்சினியர் வேண்டாம். தெரிந்த கொத்தனார் ஒருவரை ஒரு காலை நேரத்துக்குக் கூலி பேசி ட்யூப் லெவலோடு அழைத்துப் போங்கள். தண்ணீர் நிரப்பிய, கண்ணாடி போலத் தெரியும் பிளாஸ்டிக் குழாய்தான் அது. உள்ளே காற்றுக் குமிழி இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், இருந்தால் அளவு பொய் சொல்லும். ஒரு முனையைத் தார் ரோட்டின் நடுவில் ஒரு குச்சியோடு சேர்த்துப் பிடியுங்கள். இன்னொரு முனையை மனையின் பள்ளமான மூலையில் இன்னொரு குச்சியோடு பிடியுங்கள். குழாயில் தண்ணீர் அசையாமல் நின்றதும் இரண்டு குச்சியிலும் தண்ணீர் மட்டத்துக்குக் கோடு போடுங்கள். ரோட்டுக் குச்சியில் தரையிலிருந்து 2 அடி, மனைக் குச்சியில் 4½ அடி என்றால், மனை ரோட்டைவிட 2½ அடி பள்ளம்.

இதே மாதிரி பக்கத்து வீட்டுச் சுவரில் இருக்கும் வெள்ளக் கோட்டுக்கும் மனைக்கும் வித்தியாசம் எடுங்கள். அருகில் இருக்கும் கல்வெர்ட்டின் அடித்தளத்துக்கும் எடுங்கள். மனை கல்வெர்ட்டைவிடப் பள்ளமாக இருந்தால், எத்தனை வடிகால் கட்டினாலும் உங்கள் தண்ணீர் வெளியே போகாது. இந்த மூன்று எண்ணையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். விலை பேசவும், பிறகு வீடு கட்டவும் இவைதான் ஆதாரம்.

மண்ணுக்கு ஒரு கணக்கு

பள்ள மனை சதுர அடிக்கு இருநூறு, முந்நூறு குறைவாகக் கிடைக்கும். லாபம் என்று தோன்றும். மண் செலவைப் போட்டுப் பாருங்கள். அரை கிரவுண்டு, 1,200 சதுர அடி. ரோட்டுக்குச் சமமாக 2½ அடி, அதற்கு மேல் 1 அடி, ஆக 3½ அடி நிரப்ப வேண்டும். 4,200 கன அடி, அதாவது 42 யூனிட். கொட்டிய மண் அமுங்கும். கால் பங்கு சேர்த்து 52, 53 யூனிட் வேண்டும். உங்கள் ஊரில் ஒரு யூனிட் சவுடு அல்லது கிராவல் என்ன விலை என்று கேட்டுப் பெருக்கி, அதை மனை விலையோடு கூட்டினால் உண்மையான விலை வரும். லாரிக்காரர் "மூணு யூனிட்" என்றால் தொட்டியின் நீளம், அகலம், உயரத்தை அடியில் அளந்து பெருக்கி நூறால் வகுத்துப் பார்த்துவிடுங்கள்.

நிரப்பும்போது அரை அடி, முக்கால் அடி என்று அடுக்கடுக்காகக் கொட்டி, தண்ணீர் விட்டு, திமிசு போட்டோ ரோலர் விட்டோ இறுக்க வேண்டும். ஒரே நாளில் மொத்தமாகக் கொட்டினால் இரண்டு மழைக்குப் பிறகு தரை இறங்கி டைல்ஸ் விரிசல் விடும். இடிபாட்டுக் குப்பையைக் கொட்ட விடாதீர்கள். இன்னொரு விஷயம்: மனை முழுவதையும் உயர்த்தினால் உங்கள் தண்ணீர் பக்கத்து வீட்டுக்காரர் வாசலுக்குப் போகும். வீட்டின் அடியில் மட்டும் நிரப்பி, சுற்றியுள்ள இடத்தைத் தாழ்வாகவே விட்டுவிட்டால் செலவும் குறையும், தண்ணீருக்கும் ஒதுங்க இடம் இருக்கும். நாளைக்கு அவர்களோடுதானே ஒரே தெருவில் வாழப்போகிறோம்.

அட்வான்ஸும் பதிவும்

டோக்கன் அட்வான்ஸ் சிறியதாக இருக்கட்டும். அக்ரிமென்டில் இரண்டு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: சர்வேயர் வைத்து அளந்து எல்லைக் கல் காட்ட வேண்டும், பழைய பதிவேட்டில் நீர்நிலை என்று தெரிந்தால் அட்வான்ஸ் முழுவதும் திரும்ப வர வேண்டும். பதிவுச் செலவுக்கு முத்திரைத்தாளும் கட்டணமும் சேர்த்து மதிப்பில் 9 சதவீதம் ஒதுக்கி வையுங்கள்.

சரி, எப்போது வேண்டாம் என்று எழுந்து வர வேண்டும்? பழைய பதிவேட்டில் நீர்நிலை, கலங்கல் வழி, கல்வெர்ட்டுக்குக் கீழான மட்டம், வெள்ளக் கோடு மனைத் தரையிலிருந்து ஆள் உயரத்துக்கு மேல். இந்த நான்கில் ஒன்று இருந்தாலும் விலை எவ்வளவு இறங்கினாலும் வேண்டாம். முழங்கால் அளவு தண்ணீர், இரண்டு நாளில் வடிகிறது என்றால் சமாளித்துக் கட்டலாம்.

கட்டும்போது

முதலில் மண் பரிசோதனை. பழைய நஞ்சையில் களிமண் இருக்கும், மழையில் உப்பி வெயிலில் சுருங்கும். கடைக்கால் கொட்டிய மண்ணில் நிற்கக் கூடாது, அதையும் தாண்டி இயற்கை மண்ணில் எஞ்சினியர் சொல்லும் ஆழத்துக்குப் போக வேண்டும்.

பேஸ்மட்டத்தின் உயரத்தை ரோட்டை வைத்து முடிவு செய்யாதீர்கள். ரோடு ஒவ்வொரு முறை போடும்போதும் ஏறிக்கொண்டே போகும். நோட்டில் எழுதிய வெள்ளக் கோட்டுக்கு மேல் ஒன்றரை, இரண்டு அடி வையுங்கள். அந்தக் கோடே கடைசி எல்லை என்றும் நினைக்க வேண்டாம். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 94 செ.மீ.க்கு மேல் பெய்தது. யாரும் எதிர்பார்த்த கணக்கு இல்லை அது. அவ்வளவு உயரம் பேஸ்மட்டம் போட முடியாது என்றால் தூண் எழுப்பி, கீழே வண்டி நிறுத்தும் இடமாக விட்டு, குடியிருப்பை மேலே வையுங்கள்.

மீட்டர், மெயின் சுவிட்ச், மோட்டார் ஸ்டார்ட்டர் எல்லாம் நெஞ்சுயரத்துக்கு மேல். கீழ்த்தளத்து பிளக் பாயின்ட்டுகளுக்குத் தனி சர்க்யூட் கொடுத்தால் தண்ணீர் வரும்போது அதை மட்டும் அணைத்துவிட்டு மேலே விளக்கோடு இருக்கலாம். கழிவுக் குழாயில் தண்ணீர் திரும்பி வராதபடி வால்வு கட்டாயம். 2015-ல் அக்கா வீட்டில் வாசலுக்குத் தண்ணீர் வரும் முன்னாலேயே கழிவறை வழியாக உள்ளே வந்துவிட்டது. சம்ப்பின் (தரைக்கடியில் உள்ள தண்ணீர்த் தொட்டி) வாயைத் தரையோடு தரையாக வைக்காமல் உயர்த்திக் கட்டுங்கள். வெள்ளம் வடிந்த பிறகு வீட்டில் முதலில் தேவைப்படுவது குடிக்க நல்ல தண்ணீர்தான். மாடிப்படி வீட்டுக்குள்ளிருந்தே ஏறும்படி இருக்கட்டும்.

வீட்டுக் காப்பீடு எடுங்கள். பாரத் கிருஹ ரக்ஷா என்ற பொதுப் பாலிசி 2021-லிருந்து இருக்கிறது, வெள்ளச் சேதமும் அதில் அடங்கும். பத்திரங்களை வங்கி லாக்கரில் வையுங்கள். வீட்டில் வைத்தே ஆக வேண்டும் என்றால் மாடியில். அக்கா வீட்டில் மூலப்பத்திரம் பீரோவின் கீழ்த்தட்டில் இருந்தது. தாள்தாளாகப் பிரித்து, மொட்டை மாடியில் செங்கல் வைத்து மூன்று நாள் காயவைத்தோம்.